அறை இரண்டு வருடம் காத்திருக்கட்டும்

அன்புள்ள சின்னவனுக்கு,

முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கு எல்லாம் நலம். நீயும் மருமகளும் குழந்தையும் முழங்கால் உட்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உங்கள் அம்மா காலையில் பையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போகிறாள், இருட்டும்போதுதான் திரும்புகிறாள், நினைவு தடுமாறுகிறது போலிருக்கிறது என்று கீழ்வீட்டுப் பல் டாக்டரின் மனைவி உன் அக்காவிடம் சொல்ல, அவள் உனக்குச் சொல்லியிருக்கிறாள். என் நினைவுக்கு ஒரு குறையும் இல்லை. நான் போவது பல்கலைக்கழக நூலகத்துக்கு. இரண்டு வருடமாக வரலாறு படிப்பது உங்கள் இருவருக்கும் தெரியும். பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டீர்கள், நானும் மறுக்கவில்லை. இப்போது இருநூறு பேரில் பன்னிரண்டு பேரை ஹானர்ஸ் என்ற சிறப்புப் பிரிவுக்கு எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி நான்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பாய். மற்றவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் புத்தகம் தரமாட்டார்கள், எங்களுக்கு ஆறு மாதம். மூன்றாவது மாடியில் ஜன்னலோரம் பூட்டு சாவியோடு எனக்கென்று ஒரு மேசை. வகுப்பு என்றால் பேராசிரியையோடு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவதுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி ஆய்வு எழுதப்போகிறேன். முப்பத்தொரு வருடம் அங்கே இருந்த நானே சாட்சி என்றேன். பேராசிரியை சிரித்துவிட்டு, "உங்களை நீங்களே பேட்டி எடுக்க முடியாதும்மா, மத்தவங்களைத் தேடிப் பிடிங்க" என்றார். நான்கு பேரைப் பிடித்துவிட்டேன். சூப்பர்வைசராக இருந்த என்னை நால்வரும் இன்னும் திட்டுகிறார்கள். ஒன்று விடாமல் குறித்துக்கொண்டேன். முதல் வகுப்புக்கு ஒரு கட்டுரையை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக்கொண்டு போனேன். கான்வென்ட்டில் அடித்தல் உள்ள பக்கத்தைச் சிஸ்டர் கிழித்துப்போடுவார், அந்தப் பழக்கம். பேராசிரியையோ, "இது வேணாம், கிறுக்கின பக்கம் எங்கே? அதைத்தான் பார்க்கணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுபோனேன். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி நான்காம் பக்கத்தைத் தட்டி, "ஆன்ட்டி, இது உங்க அபிப்பிராயம். ஆதாரம் எங்க?" என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டேன். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது அவள் சொன்னதுதான் சரி என்று புரிந்தது. உன் அப்பா போன பிறகு என்னோடு ஒருவரும் வாதாடியதில்லை. நான் எதைச் சொன்னாலும் நீங்கள் தலையாட்டிவிடுகிறீர்கள். அது மரியாதைதான், ஆனால் அந்த மரியாதையில் மனுஷி சீக்கிரம் கிழவியாகிவிடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்காக அறைக்கு வெள்ளையடித்து, கட்டில் வாங்கி, அடுத்த மாதம் வந்து கூட்டிப்போவதாக இருக்கிறாய். மருமகள் குளியலறையில் கைப்பிடிகூட வைத்துவிட்டாளாம். மனம் குளிர்ந்துபோனது. ஆனாலும் நான் இப்போது வரவில்லை. ஹானர்ஸ் இரண்டு வருடம். வகுப்பு தொடங்கிவிட்டாலும், சேர்க்கையை உறுதிசெய்யும் படிவத்தில் வெள்ளிக்கிழமைதான் கையெழுத்துப் போடுகிறேன். படிப்பு முடியும்வரை அந்த அறையில் குழந்தை பொம்மைகளைப் பரப்பி விளையாடட்டும். விடுமுறையில் மூன்று வாரம் வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே குளிக்கிறேன். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் தேதியை மறந்துவிடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். உனக்கு வருத்தம் இருக்கும், கோபமும் இருக்கலாம். அக்காவிடம் சொல்லி அனுப்பாதே, போனிலும் வேண்டாம். நினைப்பதையெல்லாம் கடிதமாக எழுதி அனுப்பு.

உன் அம்மா