அந்தப் படத்து மணல் பொய்யில்லை, யோகம் அக்கா

என் அன்பு யோகம் அக்கா,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடுங்கள். நான் துனீசியாவுக்குப் போய் வந்துவிட்டேன். ஓம், நானேதான். நம்ப மாட்டீர்கள்.

ஜேர்மனியில், பான் நகரத்தில் அந்தப் பயண அலுவலகத்தை ஏழு வருஷம் இரண்டு பேருமாகத் துடைத்தோம். மேசை, கண்ணாடி எல்லாவற்றையும் என்னிடம் விடுவீர்கள். சுவரில் இருந்த துனீசியாப் படத்தை மட்டும் தொட விடமாட்டீர்கள். செம்பொன் நிறத்தில் மணல்மேடு, மேலே நீல வானம், ஒரு ஆள்கூட இல்லை. "மலர், ஒருக்கா இதுக்குள்ள போய் நிக்கவேணும் பிள்ளை" என்பீர்கள். "எங்கயாவது மண் இந்த நிறத்தில இருக்குமே அக்கா? சாயம் அடிச்சு ஏமாத்துறாங்கள்" என்று நான் நக்கலடிப்பேன்.

யூரோக் காசு வந்த அடுத்த வருஷம் கெஞ்சியே கேட்டீர்கள். எனக்குப் பாரிஸில் மச்சாளின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு. அதற்கு முதல் வருஷம் லண்டனில் கலியாணம். எங்கள் சனத்துக்கு விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்துப் படுப்பதுதானே! "அடுத்த வருஷம் பாப்பம் அக்கா" என்றேன். அதையே நாலு வருஷம் சொன்னேன். இங்கே உலகக் கோப்பைக்கு வீட்டுக்கு வீடு கொடி கட்டிய கோடையில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். இந்த வாயை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவ?

உங்கள் மகள் தர்சினிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "அன்ரி, அம்மாக்குப் பதிலா நீங்கள் வாங்கோ" என்றாள். எப்படி மறுப்பேன்?

பெட்டி அடுக்கும்போது பழக்கதோஷத்தில் ஒரு பேணி நிறையப் பயத்தம் பணியாரம் வைத்துவிட்டேன். விடுதி அறையில் திறந்த பிறகுதான் உறைத்தது, இந்த நாட்டில் எனக்கு ஒரு சொந்தமும் இல்லை. யாருக்குக் கொடுக்க?

மறுநாள் காலை அதைவிடப் பெரிய கூத்து. எழும்பினேன், கட்டிலை விரித்தேன், குளியலறையைத் தேய்த்தேன், கண்ணாடியையும் மினுக்கிவிட்டேன். அறை துப்புரவாக்க வந்த பெண் வாளியோடு வாசலில் விறைத்து நின்றாள். தன் வேலையில் குறை கண்டுவிட்டோம், மேலிடத்தில் சொல்லப்போகிறோம் என்று பயம். எனக்குத் தெரியாத பயமா அது? "இவாவும் இந்த வேலைதான் செய்யிறா" என்று தர்சினி பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் சொன்னாள். அந்தப் பெண் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு! பெயர் சல்மாவாம். மூன்று பேரும் கட்டில் விளிம்பில் குந்திப் பணியாரம் சாப்பிட்டோம்.

நாளைக்குச் சகாராவுக்குப் போகிறோம், நீங்கள் எத்தனை தரம் பார்த்திருக்கிறீர்கள் என்று சல்மாவிடம் கேட்கும்படி தர்சினிக்குச் சொன்னேன்.

"ஒருக்காலும் இல்லையாம் அன்ரி. பஸ்ஸில ஒரு நாள் தூரம்தானாம். அடுத்த வருஷம் போவன் எண்டு சொல்லுறா."

கையிலிருந்த பணியாரத்தை நான் பேணிக்குள் திருப்பி வைத்தேன்.

பஸ் முழுநாளும் ஓடியது. ஒலிவ் தோப்புகள் முடிந்தன, புல் முடிந்தது, பிறகு கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று உப்பு வெளி. பொழுது சாயும் நேரம் மணல்மேட்டில் ஏறினோம். ஐயோ அக்கா, எப்படிச் சொல்வேன்! அதே நிறம். சாயமும் இல்லை, ஒன்றும் இல்லை. அள்ளினால் இரண்டு தரம் அரித்த அரிசிமா மாதிரி விரலிடுக்கால் ஓடியது. மேட்டுக்கு அப்பால் மேடு, அதற்கும் அப்பால் மேடு, முடிவே தெரியவில்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. அவ்வளவு பெரியதின் முன்னால் பயம் வரவில்லை. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"அம்மா சொன்னது சரி, என்ன அன்ரி?" என்றாள் தர்சினி.

ஓம் அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி. நான் சொன்னது முழுக்கப் பிழை. நீங்கள் நிற்கவேண்டிய இடத்தில் நான் நின்று அழுதேன். என்னை மன்னிப்பீர்களா?

நேற்று வேலைக்குப் போனேன். உங்கள் துனீசியாப் படத்தில் தூசி படிந்து கிடந்தது. முதல் தடவையாக நான் துடைத்தேன். தர்சினி தொலைபேசியில் கேட்டாள்: "செப்டெம்பரில திருப்பிப் போவமே அன்ரி?" அதே கிழமை லண்டனில் இன்னொரு கலியாணம். போவம் என்றேன். இன்று காலையே விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் மூன்று இருக்கை எடுக்கப்போகிறோம். சல்மாவை அந்த மேட்டில் ஏற்றாமல் நான் திரும்ப மாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு, அக்கா.

உங்கள் வாளியின் மற்றப் பக்கத்தைப் பிடித்த தங்கச்சி,
மலர்