மூன்று வார்ப்புகளை எங்கே ஏற்றினீர்கள்?

‘இஞ்ச பாருங்க’ என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய என் பிரியமானவருக்கு,

உங்கள் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதலாம் என்று பார்த்தாலும் கை வரமாட்டேன் என்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம் இது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் உள்ள தப்பை மட்டும்தான் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை நீங்கள் போய் ஒரு வருஷம். வீட்டில் நினைவு ஜெபம் வைத்திருக்கிறோம். கல்லறை கட்டி முடித்தாயிற்று, வெள்ளையும் அடித்தாயிற்று. நான் அண்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறேன். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. மாமிக்கு, அதாவது உங்கள் அம்மாவுக்கு, காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. உங்கள் ஜெனரேட்டர் வண்டியை, உங்கள்கூட வேலைக்கு வந்துகொண்டிருந்த தாசன் சரிபண்ணி நீலப் பெயின்ட் அடித்து, புதிதாக வாங்கிய காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிறான். பார்த்தால் நம் வண்டி என்றே தெரியாது.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் இனி எழுதப்போகிறேன். ஆனால் தெரியாதவர்களும் கேட்கவேண்டிய கதை இது.

ஜீப்புக்குப் பின்னால் ரெண்டு சக்கர வண்டி. அதன்மேல் ஜெனரேட்டர், வயர் சுருள், டீசல் கேன். கல்யாண வீடு, கோயில் பண்டிகை என்று எங்கே லைட் வேண்டுமோ அங்கே போகும். வண்டியின் முன்பக்கம், ஜீப்பின் கொக்கியில் மாட்டுகிற கம்பிக்கு நீங்கள் வைத்த பேர் மூக்கு. மூக்கில் கொஞ்சம் கனம் இருக்கவேண்டும் என்பீர்கள். கனம் பின்னால் போய்விட்டால் மூக்கு எழும்பி ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கும். வேகம் எடுத்ததும் வால் ஆடும். வால் ஆடத் தொடங்கினால் ஓட்டுகிறவன் கையில் ஒன்றும் இல்லை.

மூக்கில் எவ்வளவு கனம் என்று பார்க்க உங்களிடம் தராசு கிடையாது. நான்தான் தராசு. கொக்கியில் மாட்டுவதற்கு முன்னால் முற்றத்திலிருந்து சத்தம் வரும்.

“ஏட்டி, வா. வந்து மூக்கைத் தூக்கு.”

அடுப்பில் எது இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு வரவேண்டும். ஒரு கையாலேயே எழும்பிவிட்டால் பின்னால் கனம் கூடுதல். ரெண்டு கையாலும் அசையவில்லை என்றால் முன்னால் கூடுதல். ரெண்டு கையாலும் பல்லைக் கடித்துத் தூக்கினால் கணுக்கால் அளவுக்கு எழும்பவேண்டும். அதுதான் கணக்கு.

“ஒங்களுக்குப் பெண்டாட்டி வேணுமா, தராசு வேணுமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தராசு கடையில கெடைக்கும். இப்பிடி வாய் பேசுகது கெடைக்காது” என்றீர்கள். தாசன் விழுந்து விழுந்து சிரித்தான். “மைனி, பழங்கஞ்சியைக் கொறச்சிராதீங்க. அண்ணனுக்க தராசு கெட்டுப்போவும்” என்றான்.

இன்னொன்றும் சொல்வீர்கள். வழியில் ஒரு குடம் ஏற்றினாலும் இறங்கி மறுபடியும் பார்க்கவேண்டும். ஊரில் மற்ற ஜெனரேட்டர்காரர்கள் இதற்காக உங்களைக் கேலி செய்தார்கள். நீங்கள் அதைக் காதில் வாங்கியதில்லை.

அன்றைக்கும் கூப்பிட்டீர்கள். மலைக்கு அந்தப்பக்கம் ஒரு கோயிலில் அசனப் பண்டிகை, ஊருக்கே சோறு ஆக்கிப் போடுகிற நாள். நான் தூக்கினேன். ரெண்டு கை, கணுக்கால் அளவு. “சரியா இருக்கு” என்றேன். மாமியும் வாசலில் நின்று பார்த்தார். நீங்களும் தாசனும் புறப்பட்டுப் போனீர்கள்.

ஆரல்வாய்மொழியில் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் நிற்கிற இடத்தில், ஆடிக் காற்று பக்கவாட்டில் அடித்தபோது, வால் ஆடியது. வண்டியை ஜீப்போடு பிணைத்த சங்கிலி அறவில்லை. கொக்கி கழலவில்லை. வண்டி போன பள்ளத்துக்கு ஜீப்பையும் இழுத்துக்கொண்டு போனது. தாசனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. நீங்கள் வரவில்லை.

ரோட்டில் பெரிய வார்ப்புகள் உருண்டு கிடந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அசனச் சோறு வடிக்கிற வெண்கல வார்ப்பு, ஒன்றைத் தூக்கவே நாலு பேர் வேண்டும். அது ஏது என்று தாசனிடம் கேட்டேன். “வழியில ஒரு கோயில்ல தந்தாவ மைனி. ஜீப்புக்குள்ளதான் வச்சிருந்தோம்” என்றான். ஜீப்புக்குள் என்றால் வண்டியின் மூக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. போலீஸ்காரரிடமும், நம் முற்றத்தில் கூடியிருந்த சனத்திடமும் அவன் சொன்னது ஒன்றுதான். “வீட்டுல மூக்கைத் தூக்கிப் பாத்து, சரின்னு சொன்ன பெறவுதான் எடுத்தோம்.”

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் மாமி என்னிடம் கேட்டார்.

“நீ சரியாத்தான் தூக்கிப் பாத்தியாட்டி?”

அவ்வளவுதான். ஏசவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என் கையைப் பிடிப்பதில்லை. படி இறங்கும்போது கையை நீட்டினால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். ஒருநாள் சுவர் கிடைக்காமல் விழுந்தார். விழுந்த இடத்திலும் என் கை வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்.

ஒரு வருஷம் நான் என்னையே கேட்டேன். அன்று ஒரு கைக்கு வந்ததா, ரெண்டு கைக்கு வந்ததா? அடுப்பில் மீன் இருந்த அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டேனா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும், அண்டி ஆபீசில் கொட்டை மூட்டையைத் தூக்கினாலும் என் கை பொய் சொல்கிறதோ என்று இருக்கும். உங்களைக் கொன்ற கை என்று நினைத்துக்கொண்டு அதே கையால் உங்கள் அம்மாவுக்குச் சோறு போட்டேன்.

அந்தச் சோற்றைத் தாசனும் தின்றான். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் முட்டத்து மீன் வாங்கிக்கொண்டு வருவான். “மைனி, கொளம்பு இன்னைக்கு நல்லாயிருக்கு” என்பான். நான் அழுதால், “விடுங்க மைனி, மனுசக் கைதானே, ஒரு நாளு தப்பும்” என்று ஆறுதல் சொல்வான். என்ன ஆறுதல் பாருங்கள்.

போன வாரம் ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். வழியிலே அந்த வார்ப்புகளைத் தந்த கோயிலில் மணி அடித்து, கூட்டிப் பெருக்குகிற கோயில்பிள்ளை. ஒரு வருஷம் ஆகப்போகிறது என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். காப்பி குடித்துக்கொண்டே உங்களைப் புகழ்ந்தார்.

“நல்ல மனுசன் அம்மா. மலைக்கு அந்தப் பக்கத்துக் கோயிலுக்கு எங்க வார்ப்பு மூணையும் கொண்டுபோவணும்னு தாசன் தம்பி கேட்ட ஒடனே சரின்னாரு. ஜீப்புக்குள்ள டியூப் லைட்டுப் பெட்டி அடைஞ்சி கெடந்து. நாங்கதான் பின்னால வண்டியில ஏத்தினோம். நானும் ஒரு பக்கம் பிடிச்சேன்.”

என் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தேன். “வண்டியில எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“வாலுலதான் அம்மா. முன்னால ஜெனரேட்டர் இருக்கே, எடம் ஏது? அவரு கொக்கியக் கழத்தி மூக்கைத் தூக்கிப் பாத்தாரு. ‘லேசாட்டு இருக்கே தாசா, எறக்கி மாத்தி வைப்போம்’னாரு. தம்பிதான் ‘நேரம் ஆச்சி அண்ணே, கொஞ்ச தூரந்தானே, மெதுவா போவோம்’னு சொன்னான். அவரும் சிரிச்சிட்டு மாட்டினாரு.”

அவர் குற்றம் சொல்ல வரவில்லை. உங்கள் நல்ல குணத்தைச் சொல்ல வந்தார். அவர் போன பிறகு நான் முற்றத்தில் அப்படியே நின்றேன். முதலில் வந்தது அழுகை இல்லை. என் கை சரியாகத்தான் இருந்தது என்ற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு வெட்கப்பட்டேன். அதற்குப் பிறகு கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

மறுநாளே தாசன் வீட்டுக்குப் போனேன். அவன் நீலப் பெயின்ட் அடித்த வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டதும் குழாயை மூடினான்.

“போலீசு கேட்டப்ப பயந்துட்டேன் மைனி. ஒருவாட்டி சொன்னதை எப்பிடி மாத்துகது? நான் ஒங்க பேரைச் சொல்லவே இல்லையே. வீட்டுல பாத்துதான் எடுத்தோம்னுதானே சொன்னேன்.”

“அந்த வீட்டுல வேற யாருடே இருக்கா, மூக்கைத் தூக்க?”

அவன் மறுபடியும் குழாயைத் திறந்து சக்கரத்தைக் கழுவினான். கழுவிக்கொண்டே சொன்னான், “காத்துன்னு சொல்லிருவோம் மைனி. ஆரல்வாய்மொழிக் காத்து எல்லாருக்கும் தெரியும். காத்துக்கு மானம் போவாது.”

எனக்கு மட்டும் போகலாமா? ஒரு வருஷம் போய்க்கொண்டுதானே இருந்தது?

இனி உங்களிடம் வருகிறேன்.

தாசன் பயந்தவன். அவனை எனக்குப் புரிகிறது, மன்னிக்க வரவில்லை. உங்களை எனக்குப் புரியவே இல்லை. லேசாக இருக்கிறது என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்களே. ஒரு குடம் ஏற்றினாலும் மறுபடி பார் என்று எத்தனை தடவை சொன்னீர்கள்? நீங்கள் இறங்கிப் பார்த்ததும் உண்மை, தெரிந்துகொண்டதும் உண்மை. பிறகு எதற்குச் சிரித்தீர்கள்? நேரமாயிற்று என்று ஒருத்தன் சொன்னதற்கா? கோயில்காரர் முன்னால் ஏற்றியதை மறுபடி இறக்கச் சொல்லக் கூச்சமா? அடுப்பில் இருக்கிறதை என்னை இறக்கச் சொல்ல உங்களுக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லையே.

என்னை நம்பித்தான் வண்டி எடுக்கிறேன் என்பீர்கள். அன்று உங்களையே நீங்கள் நம்பவில்லை. ஊராருக்கு நல்லவராக இருக்கப்போய் எனக்கு யாராக இருந்தீர்கள்?

மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் தனியாகப் போய்ச் சொன்னால், செத்தவன் மேலும் ஊரான் மேலும் பழியைத் தள்ளுகிறாள் என்றுதான் அவருக்குப் படும். அதனால் சனிக்கிழமை ஜெபத்துக்கு அந்தக் கோயில்பிள்ளையை வரச்சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார். தாசனையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவானா என்று தெரியாது. உங்களைப் பற்றி ஆளாளுக்கு நல்ல சாட்சி சொல்வார்கள். பாட்டு முடிந்ததும் நான் எழுந்து இந்தக் கடிதத்தை வாசிப்பேன்.

வேறு யாரையும் வாசிக்கச் சொல்லமாட்டேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், நேரம் ஆகும். ஆகட்டும். மாமியின் காதில் விழுகிற சத்தத்தில் வாசிப்பேன். தாசன் பெயர் வருகிற இடத்திலும் நிறுத்தமாட்டேன். நீங்கள் சிரித்துவிட்டுக் கொக்கியை மாட்டிய இடத்திலும் நிறுத்தமாட்டேன். உங்கள் நல்ல பெயரில் அந்த அளவுக்கு ஒரு குறை விழும். அதைக் கேட்டு உங்கள் அம்மா அழுவார். அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்யப்போகிறேன். பொய்யான நல்ல பெயரை என் கையால் இனி தாங்க முடியாது.

அது முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை, கல்லறைக்கு வருவேன். இந்த ஒரு வருஷமும் அங்கே வந்து நான் மன்னிப்புக் கேட்டேன். இனி கேட்கமாட்டேன். உங்கள் பக்கத்தில் உட்காருவேன். நீங்கள் கேட்கவேண்டிய மன்னிப்புக்குக் காத்திருப்பேன், எத்தனை வருஷம் ஆனாலும்.

கோபம் தீராத,
உங்கள் பெண்டாட்டி
ரெத்தினபாய்