அனுமதிக்கப்பட்ட கணினிகள்

மார்ச் 3

சின்னவனுக்கு அம்மாவின் அன்பு.

நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேர் மக்கர் செய்கிறது. லைசென்ஸ் எண்ணைப் போட்டால், 'அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது' என்று சிவப்பெழுத்தில் வருகிறது. எண்ணைத் திரும்ப அடித்தேன், மெஷினை அணைத்துப் போட்டேன், வேறு பிரவுசரிலும் திறந்தேன். பலனில்லை. ஒரு வாஷிங் மெஷின் கையேட்டைப் பத்தாம் தேதிக்குள் முடித்தாக வேண்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த வேலை. தவறினால் கம்பெனி இன்னொன்று தராது. வெப்சைட்டில் கணக்கு உன் பெயரில்தானே இருக்கிறது? கொஞ்சம் பார்.

என் போன் பழுது. பழைய மெயிலையும் விட்டுவிட்டேன். இந்தப் புது மெயிலுக்கே பதில் போடு.

அம்மா

மார்ச் 4

அன்புள்ள அம்மா,

பார்த்தேன். ஐந்து கணினிக்கு அனுமதி, ஐந்தும் நிரம்பிவிட்டது. ஒன்று நம் வீட்டு லேப்டாப். மற்ற நான்கும் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டர் பெயரில், கேபின் 2, கேபின் 5 என்று இருக்கின்றன. யாரோ உன் எண்ணைத் திருடியிருக்கிறார்கள். யாரிடமாவது காட்டினாயா? உனக்குத்தான் உலகத்தில் எல்லாரும் நல்லவர்களாயிற்றே.

இன்னொன்று. நான் போன் செய்யும்போதெல்லாம் நீ குளித்துக்கொண்டிருப்பதாக அப்பா சொல்கிறார். இரண்டு மாதமாகவா?

உன் மகன்

மார்ச் 5

சின்னவனே,

யாரிடமும் காட்டவில்லை. திருடனைப் பிடிக்கும் வேலையை விடு. அந்த ஐந்தையும் நீக்கு, லேப்டாப்பையும் சேர்த்து. நான் மறுபடி எண்ணைப் போட்டுக்கொள்கிறேன். அப்பாவிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

குளியலைப் பற்றிக் கேட்டாய். வெயில் அப்படி.

அம்மா

மார்ச் 7

அம்மா,

கேட்காதே என்று நீ சொன்னதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. அப்பாவிடமே கேட்டுவிட்டேன். "லேப்டாப்பை யாருடா தொட்டா? தூசி படிஞ்சு கிடக்கு. அந்த லிஸ்ட்டை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு. நான் போய் ஒரு கை பாக்குறேன்" என்றார். உன் வேலை விஷயத்தில் அவர் இவ்வளவு அக்கறை காட்டி நான் பார்த்ததேயில்லை. அனுப்பிவிட்டேன்.

சென்டர் கணினிகள் நான்கையும் நீக்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி பூட்டியும் வைத்திருக்கிறேன். இனி வீட்டு லேப்டாப்பில் மட்டும்தான் திறக்கும்.

ஆனால் ஒன்று. லேப்டாப்பில் தூசி என்றால், நீ எதில் உட்கார்ந்து எனக்கு எழுதுகிறாய்?

உன் மகன்

மார்ச் 12

சின்னவனே,

நீ தேடிய திருடி நான்தான். அந்தக் கடையில் மூடும் நேரத்தில், கணினியில் ஏற்றியதெல்லாம் அழிந்துவிடும். மறுநாள் கிடைத்த கேபினில் உட்கார்ந்து மறுபடி எண்ணைப் போடுவேன். வெப்சைட் அதைப் புதுக் கணினி என்று சேர்த்துக்கொண்டது.

நான் வீட்டை விட்டு வந்து இரண்டு மாதமாகிறது. எனக்கு வந்த வேலைகளுக்கெல்லாம் உன் அப்பா என் மெயிலைத் திறந்து, என் பெயரிலேயே 'இயலாது' என்று பதில் போட்டு வந்தார். கேட்டதற்கு, "நீ சம்பாதிச்சுதான் இங்க உலை கொதிக்கணுமா?" என்றார். இதை உன்னிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்வது அவரிடம் சொல்வதுதான்.

எட்டாம் தேதி சென்டருக்கு வந்தார். ஒவ்வொரு கேபினாகத் திரையை விலக்கிப் பார்த்தார். "யோவ், இது என்ன துணிக்கடையா, தொங்குறதையெல்லாம் தள்ளித் தள்ளிப் பாக்குற?" என்று கடைக்காரம்மா சத்தம் போட்டாள். அவர் கைப்போனில் நீ அனுப்பிய படம் திறந்திருந்தது. "கிளம்பு. உன் மகனே காட்டிக் கொடுத்துட்டான்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கடை மூடும்வரை வாசலில் நின்றார். கடைக்காரம்மா என்னைப் பின்வழியாக அனுப்பினாள்.

இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. கம்பெனியில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் தவணை கொடுத்து, அவர்களுடைய லைசென்ஸிலேயே எனக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். கையேடு இன்று காலை போய்விட்டது.

தெரியாமல்தான் செய்தாய் என்று நம்பப் பார்க்கிறேன். பாதி நாள் நம்பவும் முடிகிறது.

இது இன்னொரு புது மெயில் முகவரி. இதற்கு எழுது. உன் உடம்பு, உன் வேலை, ராத்திரி என்ன சமைத்தாய், எல்லாம் எழுது. நான் எங்கே இருக்கிறேன் என்று மட்டும் கேட்காதே. கேட்டால், பின்னால் நின்று யார் கேட்கச் சொல்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அம்மா