மேல்தொட்டி, கீழ்த்தொட்டி

மச்சான்,

மாடி வீட்டில் பிளம்பர் வேலை நடக்கிறது. பைப் ஒட்டும் சொல்யூஷன் வாசனை காலையிலிருந்து படியிறங்கி எங்கள் கூடத்துக்குள் வந்து நிற்கிறது. உன் தங்கை ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். கல்யாணமாகிச் சிதம்பரம் வந்து இத்தனை வருடமானாலும், அவளுக்கு அது, எப்போதும் குழாய் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணன் வாசனைதான்.

கடையில் விற்கும் மீன்தொட்டி உனக்குப் பிடிக்கவில்லை. கடலூர் வீட்டில் நீயே கண்ணாடி வெட்டி ஒட்டி, ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு தொட்டி கட்டினாய். அதன் கீழே, மர அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலே நிரம்பி வழியும் தண்ணீர் குழாயில் கீழே இறங்கி, பஞ்சில் வடிந்து, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். "அது பாட்டுக்குச் சுத்திக்கினே இருக்கும் மச்சான். நமக்கு வேலயே கெடயாது" என்றாய்.

முதல் முறை கரண்ட் போனபோதே அது தன் குணத்தைக் காட்டியது. மோட்டார் நின்றதும், ஏறிய குழாய் வழியாகவே மேல்தொட்டித் தண்ணீர் திரும்பி இறங்கி, கீழ்த்தொட்டியை நிரப்பிக் கூடமெல்லாம் பரவிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி வந்தேன். மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்ததுதான் கோளாறு. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு ஓட்டை போட்டோம். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று உள்ளே புகுந்தது. தண்ணீர் நின்றது. நீ கைதட்டினாய். உன் மனைவி செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த ஓட்ட அடச்சிக்கிச்சின்னா?"

"பாசி புடிக்கும். வாரா வாரம் குத்தி உட்டா போதும்."

"நீங்க வாரா வாரம் செய்யிற ஆளா?"

அன்றைக்கே இன்னொன்றையும் பார்த்தேன். மோட்டார் வயரில் ஓரிடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. "எலி கடிச்சிடுச்சி மச்சான். தண்ணிக்கு மேலதான கெடக்கு" என்றாய். மாற்றச் சொன்னேன். சரி என்றாய். அடுத்து வந்தபோதும் அந்த டேப் அங்கேயேதான் இருந்தது, ஓரம் பிரிந்து.

பிறகு அந்த மழைக்கால மதியம். கரண்ட் போய்விட்டது, கீழ்த்தொட்டி வழிகிறது என்று போன் செய்தாய். ஓட்டையைப் பாசி அடைத்திருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரி மேல் வைத்தாய். ஈரத் தரையில் உன் பாதங்கள் சளசளவென்று நடப்பது எனக்குக் கேட்டது.

"கைய உட்டு மோட்டார வெளிய எடுத்துர்றேன்."

"மெயின ஆஃப் பண்ணியா?"

"கரண்ட்டே இல்ல மச்சான். எத ஆஃப் பண்றது?" சிரித்தாய்.

"இல்ல, நீ மொதல்ல போயி..." என்று நான் தொடங்கும்போதே போனுக்குள் தெருப்பிள்ளைகளின் கூச்சல். "கரண்ட் வந்திடுச்சி!" எல்லாரும் சேர்ந்து, அவ்வளவு சந்தோஷமாகக் கத்தினார்கள். மேல்தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கியது. உன்னைக் கூப்பிட்டேன். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டேன்.

அடுத்துக் கேட்டது செல்வியின் அலறல். "தொடாதம்மா! மெயின ஆஃப் பண்ணு!" என்று நான் கத்தியது கேட்டதால்தான் உன்னைத் தொடாமல் மெயினை அணைக்க ஓடியதாகச் சொல்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நீ போய்விட்டாய்.

தொட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டோம். செல்வி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போகிறாள். பேச்சில் உன் பெயர் வந்தால் முதலில் உன்னைத் திட்டுவாள். அழுகை அப்புறம்தான்.

எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, மச்சான். கரண்ட் போவது எனக்குப் பயமில்லை. அது திரும்பி வரும் நொடிதான் பயம். விளக்கு எரிந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே உன் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், பிறகு மகளை. ஆரம்பத்தில் சிரித்தார்கள். இப்போது நான் வாய் திறக்கும் முன்பே ஒவ்வொரு அறையிலிருந்தும் குரல் வந்துவிடுகிறது.

"இருக்கேன்."

"இருக்கேம்பா."