பூனை கேட்ட கதை

அன்புள்ள பானுவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஈப்போவில் நானும் கடையும் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா? போனில் சொன்னால் நம் மகள் ஆசிபா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

கடைக்கு எதிரே இருக்கும் நூலகத்தில் மலேசியப் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் ஒரு பூனைக்குக் கதை வாசிக்கிறார்கள். இதில் யாருக்கு என்ன லாபம் என்று யோசித்து, அங்கே வேலை பார்க்கும் அம்மாவிடமே கேட்டேன்.

"பூனைக்கு என்னம்மா புரியும்?"

"ஒண்ணும் புரியாது பாய். ஆனா தப்பா வாசிச்சா சிரிக்காதுல்ல?"

நம் பிள்ளை திக்குவதால் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றாயே. அருப்புக்கோட்டை நூலகத்தில் ஒரு கதைப் புத்தகம் எடுத்துக் கொடு. நம் வெள்ளாட்டுக்கு வாசிக்கட்டும். நீ பக்கத்தில் நின்று திருத்தாதே. ஆடு தாளைத் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்.

அவள் சம்மதித்தால், பதிவு செய்து எனக்கும் அனுப்பு. கடையை மூடிய பிறகு இங்கே பேச்சுக்குரலே கிடையாது. ஆட்டைப் போல நானும் குறுக்கே பேசாமல் கேட்பேன்.

லோடு வந்துவிட்டது.

அப்துல் பாரி