வாட்சுக்குள் சிரிக்கும் அப்பா

அப்பா,

போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்து மூடி வைத்திருக்கிறேன். சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள்.

போன வாரம் கல்லூரி நகைச்சுவைப் போட்டி மேடையில் உங்களைப் போல நடித்துக் காட்டியதிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை. "அந்தக் கூத்தைப் பாக்க நான் போகவே இல்ல" என்று அம்மாவிடம் சொன்னீர்களாம்.

நேற்று என் வகுப்புத் தோழன் நூர்திலெக் அன்றைய கூட்டத்தின் படத்தைக் காட்டி, "டேய், கடைசி வரிசையில உங்கப்பாடா!" என்று கத்தினான். கல்பாக் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் படத்தையே உங்கள் ஸ்மார்ட்வாட்ச் முகப்பில் வைத்துவிட்டேன். மணி உங்கள் மீசைமேல் ஓடுகிறது.

இன்று ஆறு மணிக்கு இறுதிப் போட்டி. உங்களுக்கு முன்வரிசையில் இடம்.

பெக்தூர்

பி.கு: படத்தை மாற்றும் வழி வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாய்திறந்து கேட்டால் மாற்றித் தருகிறேன்.