"வாரேன்" என்று நான் கத்தாத நாள்

மூட்டையை முட்டுவது போல ஆளை முட்டிச் சாய்க்கும் என் அக்காவுக்கு,

உன் அணிப் பிள்ளைகள் உனக்காக நினைவு மலர் போடுகிறார்கள். என்னையும் எழுதச் சொன்னார்கள்.

உன் ஏழாம் நம்பர் ஜெர்சியை அம்மா துவைத்துத் துவைத்து எண் பாதி உதிர்ந்துவிட்டது. ஆடும்போது அடிபடாமலிருக்க நீ மாட்டும் ரப்பர் பல் உறையை டம்ளரில் முதலில் பார்த்தபோது, "ஏஞ்சாமி, அதுக்குள்ள பல்லு செட்டா?" என்று அலறியவள்தான்.

பகலெல்லாம் கணபதிப் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றினாய். விடிகாலையில் திடலில் ரக்பி. மாவட்டம், பிறகு மாநிலம். ஒருநாள் என்னையும் இழுத்துப் போனாய்.

"பந்தை முன்னாடி வீசக் கூடாது கண்ணு. பின்னாடி வர்றவளுக்குத்தான் குடுக்கோணும். ஓடறவ திரும்பிப் பாக்க மாட்டா. நீதான் 'வாரேன்'னு கத்தோணும்."

கத்தினேன். "இது கொசுவுக்கே கேக்காது" என்று சிரித்தாய்.

இந்திய அணி முகாமுக்கு வந்த கடிதத்தை என்னிடம் மட்டும் காட்டினாய். "நீ காலேஜ் படிச்சவ. நீ சொன்னா அப்பா கேப்பாரு."

அந்த வாரமே பெருந்துறையிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பெரியவ என்னமோ வெளையாடுதாமே அம்மணி?" என்று மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கேட்டார். காபித் தட்டோடு நீ கதவருகே நின்றாய்.

"கோ-கோங்க. ஸ்கூல்லதானுங்க. இப்ப இல்லீங்க."

தட்டில் ஒரு டம்ளர்கூட ஆடவில்லை. அதன்பின் கடிதத்தைப் பற்றியும் அப்பாவிடம் நான் வாய் திறக்கவில்லை. நீ முகாமுக்குப் போகவில்லை. அந்தச் சம்பந்தமும் கூடி வரவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே, ஏன் திட்டவில்லை? இன்னும் இரண்டு வருடம் மாநிலத்துக்கு ஆடினாய். பிறகு நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

போன வாரம் உன் பையிலிருந்த அந்த முகாம் கடிதத்தை அப்பா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"எங்கிட்ட ஆருமே சொல்லலையே. நானே ரயிலேத்தி உட்டிருப்பனே. உனக்குத் தெரியுமா கண்ணு?" என்றார்.

"இல்லீங்கப்பா."

இது என் இரண்டாவது பொய், அக்கா.

இது அச்சுக்குப் போகும் முன் அப்பாவை உட்கார வைத்து முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டுவேன். கோ-கோ வரும் இடத்தில் குரலைத் தாழ்த்த மாட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் சரி.

அப்பா கூப்பிடுகிறார். வாரேன்.

உனக்குப் பின்னாலேயே இருந்தும் சத்தம் கொடுக்காத
உன் தங்கச்சி